புள்ளிக்கு முன் வெற்றிடம்: குக்கி வழிக் கோரிக்கைப் பகிர்வின் தோற்றம்

குக்கியின் மதிப்பைப் பார்த்துக் கோரிக்கையை இன்ன சர்வருக்கு என்று அனுப்பும் முறை லோடு பேலன்சர் நிறுவனங்களிடம் பிறந்து, பின்னர் திறமூல மென்பொருள்களுக்கு இறங்கியது என்றொரு வாசிப்பு உண்டு. எஃப்5 நிறுவனத்தின் 6,473,802 எண்ணுள்ள அமெரிக்கக் காப்புரிமைதான் அதன் முதன்மைச் சான்று. 1999-இல் விண்ணப்பித்தது, 2002 அக்டோபரில் வழங்கப்பட்டது. காப்புரிமை என்பது உரிமை கோரும் சாசனம். எல்லை குறிப்பதே அதன் வேலை, வம்சாவளி சொல்வதன்று. அதைத் தோற்றக் கதையாக வாசிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

எஃப்5-இன் பிக்-ஐபி கருவி எழுதும் குக்கி 1677787402.36895.0000 என்பதுபோல் இருக்கும். முதல் எண்ணை 256-இன் அடுக்குகளாகப் பிரித்துக் கடைசியிலிருந்து படித்தால் 10.1.1.100 என்ற உள்முகவரி கிடைக்கும். இரண்டாவது எண், பைட்டுகள் இடம் மாறிய 8080 என்ற போர்ட். ஜாவா அப்ளிகேஷன் சர்வரான டாம்கேட்டின் ஜேசெஷன்ஐடி குக்கியிலும், சர்வருக்குப் பெயரிட்டிருந்தால், புள்ளி வரும். ஆனால் அங்கே புள்ளிக்கு முன்னிருப்பது செஷன் அடையாளம், பின்னிருப்பது சர்வரின் பெயர். குறி ஒன்று, வேலை வேறு. பிக்-ஐபி குக்கியை எழுதுவது நடுவிலிருக்கும் கருவி. ஜேசெஷன்ஐடியை எழுதுவது தன் பெயர் அறிந்த சர்வரே. இந்த வேறுபாட்டைத்தான் மேற்படி வாசிப்பு தவறவிடுகிறது.

என் வாதம் ஒரு சிறிய பாடத்தைச் சார்ந்தது. அப்பாச்சி வெப் சர்வரின் 2.2 பதிப்பு (2005) கொண்டுவந்த மாட்_புராக்சி_பேலன்சரின் கையேடு, அப்பாச்சியே குக்கி எழுத வேண்டிய இடத்துக்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறது: ரூட்ஐடி என்ற பெயர், சமக்குறி, உடனே ஒரு புள்ளி, பிறகு சர்வரின் பெயர். புள்ளிக்கு முன் எதுவுமே இல்லை. செஷன் அடையாளமே இல்லாத குக்கியில் பிரிப்புக் குறி எதற்கு? புள்ளிக்குப் பின்னுள்ளதையே வழியாகக் கொள்ளும் டாம்கேட் வழக்கம் படிக்கும் பக்கத்தில் முன்பே ஊறியிருந்தது. எழுதும் பக்கம் அதற்கு இசைந்துகொண்டது. 2.4 பதிப்பு பிரிப்புக் குறியை மாற்றிக்கொள்ள இடம் தந்தபோதும், கையேடு காட்டிய காரணம் வெப்லாஜிக் என்ற அப்ளிகேஷன் சர்வரின் ஆச்சரியக்குறி. இரண்டு முறையும் அப்பாச்சி செவிசாய்த்தது அப்ளிகேஷன் சர்வர்களுக்கே.

லோடு பேலன்சரான எச்ஏபுராக்சியின் முன்னொட்டு முறையை இவ்விரண்டுக்கும் இடைவடிவமாகக் கொள்ளலாம். செஷன் குக்கியின் தலையில் சர்வர் பெயரையும் அலைக்குறியையும் ஒட்டி அனுப்பும். திரும்பி வரும்போது அவற்றை உரித்துவிட்டே சர்வருக்குக் கொடுக்கும். குக்கி சர்வருடையது, குறிப்பு நடுவருடையது.

நடுக்கருவி எழுதுவது, சர்வர் எழுதுவது என்ற இரண்டு ஓடைகளுக்கு அப்பால் மூன்றாவது ஓடை, அப்பாச்சியின் முகவரி மாற்றும் தொகுதியான மாட்_ரீரைட். ரால்ஃப் எங்கெல்ஷால் 1996 ஏப்ரலில் எழுதி, 1997 ஜூலையில் அப்பாச்சிக் குழுவுக்கு அளித்தது. அதில் குக்கி ஒரு நிபந்தனைச் சொல் மட்டுமே; எந்த மதிப்புக்கு எந்த வழி என்பதை நிர்வாகி விதியாக எழுதுகிறார். அந்த 1996 வடிவத்தைக் குக்கி வழிப் பகிர்வுக்கே தொடக்க ஆண்டாக நிறுத்த நான் துணியமாட்டேன். கருவி இருந்ததாலேயே வழக்கமும் இருந்ததாகாது.

என் சான்றுக்கும் எல்லை உண்டு. ரூட்ஐடியின் புள்ளி அப்பாச்சி யாரிடம் கடன்பட்டது என்பதைக் காட்டும். பிக்-ஐபிக்கு டாம்கேட் மரபு முந்தியது என்று காட்டாது. டாம்கேட்டுக்கு முன்பே அப்பாச்சி ஜேசர்வ் என்ற ஜாவா எஞ்சின் செஷன் அடையாளத்தின் வாலில் வழிப்பெயரை ஒட்டியது. ஆனால் அதன் காலமும் காப்புரிமை விண்ணப்பக் காலமும் மிக நெருங்கியவை. இரண்டும் தனித்தனியே தோன்றியிருக்கலாம் என்பதே இப்போதைக்கு என் சாய்வு.