அலை அடித்த இடம்: காத்தோங் கடல்முகப்பிலிருந்து வங்கிக் கணக்குவரை

சிங்கப்பூரின் காத்தோங் பார்க் எம்ஆர்டி நிலையத்திலிருந்து மேலேறி வருபவர் கண்ணுக்குக் கடல் தட்டுப்படாது. 1960கள்வரை காத்தோங் பூங்காவின் விளிம்பில்தான் அலை அடித்தது. குளிப்பவர்களுக்காகக் கழி நட்டு அடைத்த 'பாகார்' அங்கே இருந்தது. 1879இல் எழும்பிய தஞ்சோங் காத்தோங் கோட்டையின் அடித்தளம் அந்த மண்ணுக்குள் இன்னும் கிடக்கிறது. மேயர் ரோடு, ஆம்பர் ரோடு பங்களாக்காரர்கள் கொல்லைப்புறத்திலிருந்து நேரே மணலில் இறங்கலாம். இன்று அந்த வீடுகளுக்கும் நீருக்கும் நடுவே மரின் பரேட் அடுக்குமாடிகள், ஒரு விரைவுச்சாலை, ஒரு நெடிய பூங்கா.

சிக்லாப், பிடோக் குன்றுகளை வெட்டி 1966 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கடலை நிரப்பினார்கள்; 1,525 ஹெக்டர் நிலம் கிடைத்தது. இதைப் பொறியியல் சாதனையாகவே எழுதுவது வழக்கம். அந்தப் பணி தொடங்குவதற்கு முன்பே, 1964இல், கரையோர நிலச் சட்டம் திருத்தப்பட்டுவிட்டதை நான் முதலில் வைக்கிறேன். கடலைப் பார்த்த மனைக்குக் கடல்முகப்பு போய்விட்டால் அதற்காக இழப்பீடு கேட்க முடியாது என்பது திருத்தத்தின் சாரம். பொதுப் பணத்தில் நடக்கும் மேம்பாட்டால் தனி நிலவுடைமையாளர் ஆதாயம் அடையக்கூடாது என்பது பிரதமர் லீ குவான் இயூவின் வாதம். பறிபோனது வசதியானவர்களின் கடல்காற்று. அவர்களுக்காக யாரும் கொடி பிடிக்கப்போவதில்லை. அந்த வாதத்தின் நியாயத்தை நானும் மறுக்கவில்லை. ஆனால் அதே தர்க்கம் சில ஆண்டுகளில் சிறு மனைக்காரர்கள்வரை வந்துவிட்டது.

மலேசியாவிலிருந்து பிரிந்தபின் 1965 டிசம்பரில் நிறைவேறிய சிங்கப்பூர்க் குடியரசுச் சுதந்திரச் சட்டம், மலேசிய அரசியலமைப்பின் பல பிரிவுகளைப் புதிய நாட்டுக்குப் பொருந்தச் செய்தது. சொத்தைப் பறித்தால் போதிய இழப்பீடு தரவேண்டும் என்று சொல்லும் 13ஆம் பிரிவை மட்டும் பெயர் சொல்லியே விலக்கியது. இந்தியா சொத்துரிமையை அடிப்படை உரிமையாக வைத்திருந்து, வழக்குமேல் வழக்காகப் போராடி, 1978இன் 44ஆவது திருத்தத்தில்தான் அதை இறக்கிவைத்தது. சிங்கப்பூர் அந்தச் சுமையை ஏற்றவே இல்லை.

அடுத்த ஆண்டு வந்த நிலம் கையகப்படுத்தல் சட்டத்தில் 'பொதுநோக்கம்' என்பதோடு குடியிருப்பு, வணிகம், தொழில் ஆகிய தேவைகளும் இடம்பெற்றன. நிலம் தேவை என்று அரசிதழில் அறிவித்தாலே போதும். அந்த அறிவிப்பே தேவைக்கு முடிவான சான்று. இழப்பீட்டுத் தொகையைப் பற்றி மேல்முறையீட்டு வாரியத்திடம் வாதாடலாம். எடுப்பதே சரியா என்று கேட்க வழி மிகக் குறுகலானது. 1974இல் இன்னொரு முடிச்சு விழுந்தது. 1973 நவம்பர் 30ஆம் தேதி விலை, கையகப்படுத்தும் நாளின் விலை, இவற்றில் எது குறைவோ அதுதான் கணக்கு. சந்தை ஏறஏற நிலத்தின் சட்ட விலை மட்டும் அந்தத் தேதியிலேயே உறைந்து நின்றது.

1960இல் 44 விழுக்காடாக இருந்த அரசு நிலம் 1985இல் 76 விழுக்காடு. அப்போது மக்களில் ஐவரில் நால்வர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் குடியிருந்தனர். இந்த இரண்டு கணக்குகளையும் சேர்த்தே படிக்கவேண்டும். ஒன்றை மறைத்து மற்றதைச் சொல்வது வழக்கறிஞர் வேலை.

பிறகு, இழப்பீட்டைக் கணக்கிடும் அந்தத் தேதி மெல்ல நகர்ந்தது: 1986, 1992, 1995 ஆகிய ஆண்டுகளின் ஜனவரி முதல் நாளுக்கு. 2007 பிப்ரவரியில்தான் கையகப்படுத்தும் நாளின் சந்தை விலையே முழு அடிப்படையானது. ஒவ்வொரு தளர்வும் அரசு தானாகத் தந்தது.

வழிபாட்டுத் தலங்களும் இந்தச் சட்டத்துக்கு விலக்கல்ல. சிலோன் ரோட்டில் யாழ்ப்பாணத் தமிழர்கள் வளர்த்தெடுத்த ஸ்ரீ செண்பக விநாயகர் ஆலயம் தன் இடத்திலேயே நிற்கிறது. பார்ட்லியில் ஜின் லோங் சி சீனக் கோயிலுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. வட்டப்பாதை ரயில் நிலையத்தை ஒட்டிய மேம்பாட்டுக்காக 2003இல் அதன் நிலம் அரசிதழில் ஏறியது. அருகிலிருந்த ராமகிருஷ்ண மிஷன் நிலத்தை விட்டுவிட்டு எங்கள் கோயிலை மட்டும் எடுப்பதா என்று பக்தர்கள் வழக்காடினார்கள். சொத்துரிமைப் பிரிவு இல்லாததால் சமத்துவம் பேசும் 12ஆம் பிரிவைத்தான் பிடிக்கவேண்டியிருந்தது. 2009இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது.

சொத்துரிமைக்குப் போலவே தனியுரிமைக்கும் சிங்கப்பூர் அரசியலமைப்பில் தனிப் பிரிவு கிடையாது. இந்திய உச்ச நீதிமன்றம் 2017இல் புட்டசாமி வழக்கில் அதை அடிப்படை உரிமையாக அறிவித்தது. இங்கே 2012இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அரசு அமைப்புகளைக் கட்டுப்படுத்துவதில்லை. இதன் பொருள் 2021 ஜனவரி 4 அன்று பலருக்கும் உறைத்தது. டிரேஸ்டுகெதர் செயலியும் கையடக்கக் கருவியும் கோவிட் தொற்றுத் தடமறிய மட்டுமே என்று முந்தைய ஆண்டு வாக்குறுதி தரப்பட்டிருந்தது. குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி காவல்துறையும் அந்தத் தரவைப் பெறலாம் என்று அன்று நாடாளுமன்றத்தில் பதில் வந்தது. ஒரு கொலை விசாரணையில் தரவு கேட்கப்பட்டதும் தெரியவந்தது. வாக்குறுதி தந்தபோது அந்தச் சட்டத்தைத் தாம் எண்ணிப் பார்க்கவில்லை என்று அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன் ஒப்புக்கொண்டார். ஒரே மாதத்தில் அவசரச் சட்டம் வந்தது. கடுமையான ஏழு வகைக் குற்றங்களுக்கு மட்டுமே தரவு என்றானது. நில விலைத் தேதியில் முப்பது ஆண்டுக்குமேல் எடுத்த திருத்தம் இங்கே முப்பது நாளில் முடிந்தது; கையில் கருவி வைத்திருந்தவர்கள் பெருங்கூட்டமாயிற்றே.

தரவோடு நில்லாமல், ஐயத்துக்குரிய சொத்தைக் கைப்பற்றவும் முடக்கவும் அதே குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 35ஆம் பிரிவு காவல் அதிகாரிக்கு இடம் தருகிறது. 2023 ஆகஸ்டில் வெளிப்பட்ட கறுப்புப் பணத்தை வெள்ளையாக்கிய வழக்கில் கைப்பற்றப்பட்ட, முடக்கப்பட்ட சொத்துகள் ஏறத்தாழ 300 கோடி வெள்ளி. ஓராண்டுக்குள் நீதிபதியிடம் அறிக்கை வைக்கவேண்டும் என்ற கடிவாளம் 370ஆம் பிரிவில் இருக்கிறது.

2025 ஜூலை முதல் நடப்பிலுள்ள மோசடித் தடுப்புச் சட்டம் இன்னொரு படி தாண்டுகிறது. குற்றம் புரிந்தவரை விட்டு, ஏமாறப்போகிறவரின் கணக்கையே அது முடக்குகிறது. குடும்பத்தார் எவ்வளவு சொல்லியும் கேட்காமல் மோசடிக்காரனுக்குப் பணம் அனுப்பத் துடிக்கும் ஒருவரின் கணக்கைக் கட்டுப்படுத்தும்படி காவல் அதிகாரி வங்கிக்கு உத்தரவிடலாம். முதலில் முப்பது நாள். தேவைப்பட்டால் ஐந்து முறை நீட்டிக்கலாம். அன்றாடச் செலவுக்குப் பணம் கேட்டுப் பெறலாம். முறையிட விரும்புபவர் காவல்துறை ஆணையரிடம் முறையிடலாம். அவர் முடிவே இறுதி.