மிஞ்சிய டாலர்: எஃப்.எஸ்.ஏ. விதியின் காலம் பற்றி ஒரு மறுவாசிப்பு

அமெரிக்க ஊழியர் தம் சம்பளத்தில் ஒரு பகுதியை, வரி பிடிக்கும் முன்பே, மருத்துவச் செலவுக்கென எஃப்.எஸ்.ஏ. கணக்கில் ஒதுக்கலாம். ஆண்டு முடிவில் மிஞ்சியது அவருக்குத் திரும்பாது. இவ்விதியை 1978ஆம் ஆண்டு வருவாய்ச் சட்டமே விதித்தது என்பது பணியாளர் நலக் கையேடுகள் வழிவழியாகச் சொல்லிவரும் வாசிப்பு. இக்கட்டுரை அதை மறுக்கிறது.

கையேட்டு வாசிப்பு நிற்பது, அச்சட்டம் வரிச் சட்டத்தொகுப்பில் சேர்த்த பிரிவு 125இன் மீது. ஊதியத்தை ஒத்திவைக்கும் எந்தத் திட்டமும் ‘கஃபெட்டீரியா திட்டம்’ (எஃப்.எஸ்.ஏ. அடங்கும் சலுகைத் திட்டவகை) ஆகாது என்கிறது அப்பிரிவு. ஆனால் மிச்சம் பறிபோகும் என்று அங்கே ஒரு சொல்லும் இல்லை. மிச்சத்தை அடுத்த ஆண்டுக்கு நகர்த்துவது ஒத்திவைப்பு என்றே கொள்வோம். அதே டிசம்பரில் ரொக்கமாகத் திருப்பிக் கொடுத்தால் எது ஒத்திப்போகிறது? அதற்கான தடை பிரிவு 105 வழியே வருகிறது: செலவு நேர்ந்தாலும் நேராவிட்டாலும் கைக்கு வரும் பணம் மருத்துவ ஈட்டுத்தொகை ஆகாது. இரு வேறு தடைகளைக் கையேடுகள் ஒன்றாக்கிவிட்டன.

விதி வெளிப்படையாகத் தோன்றுவது 1984 மே மாதம் வருவாய்த் துறை வினா-விடை வடிவில் வெளியிட்ட முன்மொழிவில். அதற்கு மூன்று மாதம் முன்பு, பிப்ரவரியில், ‘ஜீப்ரா’ எனப்பட்ட கணக்குகள் செல்லாது என அத்துறை அறிவித்திருந்தது. ஜீப்ராவில் முன்கூட்டி ஒதுக்கீடே கிடையாது. ஊழியர் பல் மருத்துவரின் ரசீதை நீட்டுவார். எப்படியும் வரவேண்டிய சம்பளத்தில் அத்தொகைக்கு மட்டும் ‘மருத்துவ ஈடு’ என்று பெயர் மாறும். இழக்க எதுவும் இல்லை. பறிமுதல் விதி இதற்கு எழுந்த பதில் என்பது என் ஊகம். 1989 முன்மொழிவு இதற்கு வலுச்சேர்க்கிறது: 1,200 டாலர் ஒதுக்க ஒப்பியவர் ஜனவரியில் 100 டாலர் மட்டும் கட்டி, 1,200 டாலருக்கும் சிகிச்சை பெற்றுப் பிப்ரவரியில் விலகினால், மீதியை நிறுவனம் அவரிடம் வசூலிக்க முடியாது. இழப்பு இரு தரப்புக்கும் உண்டு என்பது காப்பீட்டின் தர்க்கம். ஒத்திவைப்புத் தடையிலிருந்து இதைப் பெற முடியாது.

பிற்கால மாற்றங்களே முதன்மைச் சான்று. 2005இல், மிச்சத்தைச் செலவிட இரண்டரை மாதச் சலுகைக் காலம் வந்தது. 2013இல், 500 டாலர்வரை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்ல அனுமதி கிடைத்தது. ஆண்டு வரம்பு 2,500 டாலராகிவிட்டதால் ஒத்திவைக்கும் வாய்ப்பு குறுகிவிட்டது என்பது அப்போது சொல்லப்பட்ட காரணம். 2026இலிருந்து அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்லக்கூடிய தொகை 680 டாலர். இவ்வளவும் துறை அறிவிப்புகளால் நடந்தவை. ஒத்திவைப்பை விலக்கும் சட்டவாசகம் அப்படியே இருக்கிறது. பறிமுதலைச் சட்டமே கட்டளையிட்டிருந்தால் ஓர் அறிவிப்பு அதைத் தளர்த்தியிருக்க முடியுமா?

எனினும் விதியின் தொடக்கத் தேதியை அறுதியிட்டுச் சொல்லத் தயக்கமே. 1984, 1989, 2007 ஆவணங்கள் மூன்றும் முன்மொழிவுகளாக வந்தவை. 1984 ஜூலையில் பற்றாக்குறைக் குறைப்புச் சட்டம் பழைய திட்டங்களுக்கு இடைக்கால விலக்கு அளித்ததை, விதிக்கு நாடாளுமன்றம் தந்த மறைமுக ஒப்புதலாகக் கொள்வோரும் உண்டு. விலக்கு அளிப்பதும் ஒப்புவதும் ஒன்றல்ல என்பது என் கருத்து; ஆயினும் அவ்வாதத்தை முற்றிலும் தள்ள இயலவில்லை. எப்படிப் பார்த்தாலும் ஆண்டு 1984, 1978 அன்று.