தோட்டத்து மேடையும் வால்வுப் பெருக்கியும்

மலாக்கா மாநிலத் தோட்டங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் 1896ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவர். டான் சே யான் என்பார் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்ட ஆண்டு அது. அதன்பின் தமிழ்த் தொழிலாளர் வரவு, லயன் வீடுகள், கோயில், பள்ளி என்று அவ்வரலாறு நடந்து செல்லும். அது காணாமல் கடந்துபோகும் பொருள்களுள் ஒன்று, திருவிழா இரவுகளில் மேடையோரத்தில் செந்நிற ஒளி உமிழ்ந்துகொண்டிருந்த வால்வுப் பெட்டி. அப்பெட்டி பழுதுற்றபோது காதாலும் கண்ணாலும் நோய் நாடிய அறிவும் ஒரு கல்வியே ஆகும்.

வால்வு என்பது காற்று நீக்கிய கண்ணாடிக் குழல். அதற்குள் சூடேறிய தகடு மின்னணுக்களை வெளியிடும். எதிரே உள்ள தகடு அவற்றை ஈர்க்கும். ஃபிளெமிங் 1904இல் இவ்விரண்டையும் வைத்துக் குழல் செய்தார். லீ டி ஃபாரஸ்ட் 1906இல் இடையே ஒரு கம்பி வலையைச் செருகினார். வாய்க்காலில் மடைப்பலகையைச் சிறிது அசைத்தால் பெருநீர் கூடிக் குறைவதுபோல, வலையில் ஏற்படும் சிற்றசைவு பெருமின்னோட்டத்தை ஆளும். ஒலிப் பெருக்கத்தின் அடிப்படை அதுவே.

கடைப்பெருக்கியின் விலைக்கு எட்டாதோர் தாமே ஒன்றைக் கட்டிக்கொள்வது 1950களில் பல நாடுகளிலும் இருந்த வழக்கம். முல்லார்டு நிறுவனம் 1954இல் ஐந்து வால்வுகளால் பத்து வாட் தரும் சுற்று ஒன்றை வெளியிட்டு அவ்வழக்கத்திற்குப் பெருந்துணை செய்தது. பின்னர் 1961 நவம்பரில் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவினரும் சிங்கப்பூரில் பாடிச் சென்றனர். ஷேடோஸ் கையாண்ட வாக்ஸ் பெருக்கிகளிலும், முல்லார்டின் சுற்றிலும் இருந்தவை ஒரே இ.எல்.84 வால்வுகள். அதன்பின் மலாயாவெங்கும் பாப் எ எ என்னும் கித்தார் அலை எழுந்தது. தோட்டத்து இசைக்குழுக்களிலும் ஆர்மோனியத்திற்கும் தபேலாவுக்கும் அருகில் கித்தார் வந்து நின்றது.

மின்சாரமோ எளிதில் வரவில்லை. மத்திய மின்சார வாரியம் 1949இல் அமைந்து, 1965இல் தேசிய மின்சார வாரியம் ஆயிற்று. 1990இல் தெனாகா நேஷனல் அப்பணியை ஏற்றது. ஆயினும் பல தோட்டங்களில் நெடுங்காலம் தோட்டத்தின் சொந்த மின்னாக்கியே மாலையில் ஓடத் தொடங்கி, இரவில் குறித்த நேரத்தில் நின்றுவிடும். பழுது பார்ப்பவனுக்குக் கிடைத்த நேரம் அவ்வளவே. பகலில் டார்ச்சு விளக்கின் மின்கலத்தையும் ஒரு காதொலிப்பானையும் கொண்டு கம்பிச் சுருள்களைத் தொட்டுப் பார்க்கலாம். ‘டிக்’ என்றால் சுருள் உயிரோடு உள்ளது, ஓசையில்லையேல் அறுந்துவிட்டது. மற்றவற்றை மாலையில்தான் காணவேண்டும்.

முதற்குற்றம் இரைச்சல். வாரிய மின்சாரம் நொடிக்கு 50 முறை அலையும். சுடுகம்பிக்குச் செல்லும் கம்பி வலைக் கம்பிக்கு அருகே கிடந்தாலோ, கித்தார் கம்பியின் உறை அறுந்திருந்தாலோ அந்த 50 அலைவே கேட்கும். மின்னோட்டத்தை நேராக்கும் பகுதியில் உள்ள பெரிய கண்டென்சர் வறண்டுபோனாலோ 100 அலைவு கேட்கும். முன்னதற்குச் சரியாக ஒரு ஸ்தாயி மேல். தோட்டத்து எஞ்சின் வேகம் ஏறி இறங்கினால் இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கும். அவற்றிடையே உள்ள ஸ்தாயி மாறாது. சுருதி அறிந்த இளைஞனுக்கு அளவுக்கருவி வேண்டுவதில்லை. இசை கற்றவனே நல்ல பழுதுபார்ப்பவன் ஆவதற்கு இது ஒரு காரணம் என்பது என் துணிபு.

இரைச்சல் எங்கே பிறக்கிறது என்பதை அறியவும் வழி உண்டு. ஒலி கூட்டும் திருகைக் குறைத்தால் இரைச்சலும் குறையுமாயின் குற்றம் அதற்கு முன்னே உள்ளது, குறையாதாயின் பின்னே. முதல் வால்வைப் பிடுங்கிய பின்னும் அது தொடர்ந்தால் அவ்வால்வு குற்றமற்றது. மரக்குச்சியால் மெல்லத் தட்டும்போது மணிபோல் ஒலிக்கும் வால்வுக்கு உள்ளுறுப்புத் தளர்ந்திருக்கும்.

கண்ணுக்குத் தெரியும் குறிகளும் உள. சுடுகம்பி செம்மையாய் ஒளிர்வது இயல்பு, இ.எல்.84இன் வெளித்தகடே சிவந்தால் அது ஆபத்து. பெரும்பாலும் முன்நிலையிலிருந்து வரும் சிறு கண்டென்சர் கசிந்து, வலையில் வேண்டாத மின்னழுத்தத்தை ஏற்றியிருக்கும். வால்வையே மாற்றிக்கொண்டிருப்பவன் பணத்தை இழப்பான். தகடு சிவக்காமல் உள்வலை மட்டும் சிவந்து ஒலி அடங்கிப்போனால், வெளியீட்டு மின்மாற்றியின் சுருள் அறுந்ததென்று கொள்ளலாம்.

வால்வின் பெயரே அதன் இலக்கணம் கூறும் என்பது தமிழாசிரியர்களுக்குச் சுவை தரக்கூடும். ‘இ’ என்று தொடங்கினால் சுடுகம்பிக்கு 6.3 வோல்ட், ‘எல்’ என்றால் ஆற்றல் வால்வு, ‘சி’ இரண்டு வந்தால் ஒரே குழலுள் இரு முக்கூறு வால்வுகள். முதலெழுத்து ‘யு’ ஆயின் சுடுகம்பிகள் தொடராய்க் கோக்கப்பட்டவை. உயிருக்கே இடர் விளைப்பது இந்த ‘யு’ எழுத்துத்தான். அவ்வகை வானொலிகள் பலவற்றில் மின்சாரத்தைப் பிரித்துத் தரும் மின்மாற்றி இல்லை. உலோகச் சட்டமே வீட்டு மின்கம்பியோடு நேரே இணைந்திருக்கும். பழைய வானொலியின் பின்புறத் துளையில் கித்தாரைச் செருகினால் பெருக்கி கிடைத்துவிடும் என்று எண்ணுவது எளிது. ஆனால் கித்தாரின் உலோகத் தந்திகள் அச்சட்டத்தோடு இணைகின்றன. மழை நனைத்த மண்தரையில் வெறுங்காலோடு நிற்பவன் அத்தந்தியைத் தொட்டால் என்னாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. மேலைநாட்டு மேடைகளும் இவ்விடருக்குத் தப்பவில்லை. 1972 மே 3ஆம் நாள் வேல்ஸ் நாட்டின் சுவான்சி நகரில் லெஸ் ஹார்வி என்னும் கித்தார் கலைஞர், மண்ணிணைப்புச் சரியாக இல்லாத ஒலிவாங்கியைத் தொட்டு மேடையிலேயே உயிரிழந்தார்.

மின்சாரத்தை நிறுத்தினாலும் அச்சம் நீங்காது. பெரிய கண்டென்சரில் 300 வோல்ட்டுக்கு மேல் எஞ்சியிருக்கலாம். ஆதலின் தேர்ந்தவர் ஒரு கையைச் சட்டைப்பையில் வைத்து மறுகையால் மட்டுமே சோதிப்பர். தொடுமுன் ஒரு மின்தடை வழியே அம்மின்னூட்டத்தை வடியவிடுவர்.

டிரான்சிஸ்டர் 1947 டிசம்பரில் பிறந்து, பின்னர் வால்வைப் பெரும்பாலும் வெளியேற்றியது. கித்தார்ப் பெருக்கியில் மட்டும் அது முழுதும் வெல்லவில்லை. ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா ஆகிய நாடுகளில் இன்றும் வால்வுகள் செய்யப்படுகின்றன. எனவே தோட்டத்து வீட்டின் பரணிலிருந்து பழைய பெட்டி ஒன்று இறங்கிவரின் அது பிழைக்கக்கூடும். உடனே மின்சாரத்தில் செருகலாகாது. நெடுநாள் உறங்கிய கண்டென்சர் வெடிக்கக்கூடும். அது ‘யு’ வகையா என்று முதலில் பார்க்கவேண்டும். ஆயின் அதைக் கித்தாருக்குப் பயன்படுத்தவே கூடாது. அன்றெனில், இருகம்பி வடத்தை நீக்கி மண்ணிணைப்புள்ள மூன்றுகம்பி வடத்தைப் பொருத்தவேண்டும். பின்பு மின்வழியில் தொடராகப் பழைய இழை விளக்கு ஒன்றை மாட்டி இயக்கவேண்டும். விளக்கு ஒருகணம் ஒளிர்ந்து மங்கினால் மேலே செல்லலாம். முழு ஒளியோடு எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே எங்கோ குறுக்கிணைப்பு உள்ளது.