ஒரு பெயர், நான்கு வகைகள்

‘எனக்கு டெங்கு ஒரு முறை வந்து போய்விட்டது, இனி அந்தக் கவலை இல்லை’ என்று நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் திண்டுக்கல்லில் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டாம் முறை அது வந்தபோது மருத்துவமனையில் பல நாள் கிடந்துதான் மீண்டார். தட்டம்மை ஒருமுறை வந்தவருக்குப் பெரும்பாலும் மறுமுறை வருவதில்லை. அந்த அனுபவத்தை டெங்குவுக்கும் பொருத்திப் பார்த்ததே அவர் செய்த பிழை. வரலாறு வேறு விதமாகப் பேசுகிறது.

எகிப்திய வரலாற்றாசிரியர் அல்-ஜபர்த்தீ, ஹிஜ்ரி 1193இல், அதாவது கி.பி. 1779இல், கெய்ரோவில் பரவிய காய்ச்சலொன்றைக் குறித்து வைத்துள்ளார். மக்கள் அதனை ‘அபுர்ருகப்’ என்றழைத்தனர். ‘ருக்பா’ என்றால் முழங்கால். ‘ருகப்’ அதன் பன்மை. மூட்டுகளை முடக்கிய காய்ச்சல் என்பது பெயரிலேயே விளங்குகிறது. அது டெங்குவா, சிக்குன்குனியாவா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அக்காலத்தார் வலியைக் கொண்டே பெயரிட்டனர். கிருமியைக் காணும் வழி அவர்களுக்கு இல்லை.

1943இல் ஜப்பானிய அறிஞர்களான கிமுராவும் ஹொட்டாவும் டெங்கு வைரஸை முதன்முதலாகப் பிரித்தெடுத்தனர். அதையடுத்து அமெரிக்கரான ஆல்பர்ட் சாபின், போர்வீரர்களின் இரத்தத்தில் கிடைத்த வைரஸ்களைத் தாமாக முன்வந்தவர்களுக்குச் செலுத்திச் சோதித்தார். ஒரு வகையால் நோயுற்றவரை அதே வகை மீண்டும் தாக்கவில்லை. பிறிதொரு வகைக்கு எதிரான பாதுகாப்போ இரண்டு மூன்று மாதங்களில் மறைந்துவிட்டது. 1956இல் மணிலாவில் பரவிய காய்ச்சலிலிருந்து மேலும் இரு வகைகள் அறியப்பட்டன. ஆக, வகைகள் நான்கு.

இதன் காரணத்தை நம் ஊர்ப் பூட்டைக் கொண்டே விளக்கலாம். நோயை வென்ற உடல், அந்த வைரஸின் மேற்புறத்தில் பொருந்தும் எதிர்ப்புப் பொருள்களைச் செய்து வைத்துக்கொள்கிறது. அவை பூட்டுக்கேற்ற சாவிகள் போன்றவை. நான்கு வகைகளும் ஒரே பட்டறைப் பூட்டுகள்போல் ஒத்திருந்தாலும் உள்ளமைப்பில் வேறுபடுகின்றன. ஒன்றின் சாவி மற்றொன்றில் நுழைகிறது, ஆனால் திரும்புவதில்லை. அப்படி ஒட்டிக்கொண்டும் வைரஸை அடக்க இயலாத எதிர்ப்புப் பொருள், சில வெள்ளணுக்களுக்குள் அது புகுவதற்கே துணைபோகிறது. இரண்டாம் டெங்கு சிலருக்குக் கடுமையாவதை ஸ்காட் ஹால்ஸ்டெட் முதலானோர் இவ்வாறே விளக்கினர்.

கியூபா இதற்குச் சான்று. அங்கு 1977இல் முதல் வகை பரவியது. 1981இல் இரண்டாம் வகை வந்தபோது 3,44,000 பேருக்கு மேல் நோயுற்றனர்; 158 பேர் மாண்டனர். ஆயினும் பெரு நாட்டின் இக்கிட்டோஸ் நகரில், முதல் வகை பரவியிருந்த மக்களிடையே 1995இல் இரண்டாம் வகை வந்தும் கடும் நோய் தோன்றவில்லை. அங்கே வந்தது அந்த வகையின் அமெரிக்கக் கிளை. முதல் வகையால் உண்டான எதிர்ப்புப் பொருள் அக்கிளையை நன்கு அடக்கியது. ஆசியக் கிளையை அவ்வளவாக அடக்கவில்லை என்பதை 2002இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. எனவே ஒரே வகைக்குள்ளும் வேறுபாடு உண்டு. அந்த வேறுபாடு உயிர் பிழைப்பதையே பாதிக்கக் கூடும்.

இவை தொலைதூரச் செய்திகள் என்று எண்ணிவிடக் கூடாது. 1968இல் நம் தமிழ்நாட்டு வேலூரில் டெங்கு பரவியபோது நான்கு வகைகளும் அந்த ஓர் ஊரிலேயே கண்டறியப்பட்டன.

திண்டுக்கல் சமவெளியில் தண்ணீர் அருமையானது. குழாயில் வரும் நாளில் குடத்திலும் அண்டாவிலும் தொட்டியிலும் பிடித்து வைக்கிறோம். டெங்குக் கொசு முட்டையிட விரும்புவதும் இத்தகைய தெளிந்த நீரையே. ஆதலால் பாத்திரங்களை மூடிவைப்போம். வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுவோம். முன்பு டெங்கு வந்து மீண்டவருக்கு மறுபடி காய்ச்சல் கண்டால் அலட்சியம் வேண்டாம். காய்ச்சல் தணியும் வேளையில் கடும் வயிற்றுவலியோ, ஓயாத வாந்தியோ, இரத்தக்கசிவோ தோன்றினால் அந்த நேரமே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுதல் நம் கடமையாகும்.