செயலியில் பொறித்த எண் ஒரு வாக்குறுதி: ஓவர்கிளாக்கிங்கின் சுருக்க வரலாறு

சில மாதங்களுக்கு முன் ஒரு பேச்சுத்தரவுத் தொகுப்பில் சொற்களின் வருகை எண்ணிக்கையை எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரே நிரலை ஒரே கோப்புகளின் மீது இருமுறை ஓட்டியபோது இரு வேறு விடைகள் வந்தன. வேறுபாடு மிகச் சிறியது. இரண்டாம் முறை ஓட்டாமல் இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்காது. நிரலில் பிழை தேடி மூன்று நாள்கள் கழிந்தன. பிழை அங்கில்லை. அந்த மேசைக்கணினியை எனக்கு முன் பயன்படுத்தியவர், செயலியை நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓடும்படி அமைத்துவிட்டுச் சென்றிருந்தார். அமைப்பைப் பழைய நிலைக்குத் திருப்பியதும் இரு விடைகளும் ஒன்றாயின. இடைப்பட்ட காலத்தில் அக்கணினி ஒருமுறைகூடத் திடீரென நின்றதில்லை.

அவரைக் குறைகூற இதை எழுதவில்லை. கணினியைத் தாமே பூட்டிக்கொள்ளும் மாணவர்கள் பலர், ஓவர்கிளாக்கிங்கைப் பாதுகாப்பாகச் செய்வது எப்படி என்று கேட்கிறார்கள். "பாதுகாப்பு" என்று அவர்கள் கருதுவது செயலி கருகாமல் இருப்பதை. வரலாற்றைப் பார்த்தால் கேள்வி அதைவிட விரிந்தது.

முதலில் அடிப்படை. ஒவ்வொரு கடிகாரத் துடிப்புக்குள்ளும் செயலியின் உள்ளே மின்குறிகள் தத்தம் இடத்தை அடைந்து நிலைபெற வேண்டும். துடிப்பின் வேகத்தைக் கூட்டினால் அவற்றுக்குக் கிடைக்கும் நேரம் குறைகிறது. ஒரே சிலிக்கான் தகட்டிலிருந்து வெட்டப்பட்ட செயலிகள்கூட ஒன்றுபோல் அமைவதில்லை. எனவே உற்பத்தியாளர் ஒவ்வொன்றையும் சோதித்துத் தரம் பிரிக்கிறார். மிகுந்த வெப்பத்திலும், ஆண்டுக்கணக்கான தேய்மானத்துக்குப் பிறகும் பிழையின்றி ஓடக்கூடிய வேகத்தை அதன்மேல் பொறிக்கிறார். இயலும் வேகத்துக்கும் பொறித்த வேகத்துக்கும் இடையிலுள்ள இடைவெளியே ஓவர்கிளாக்கிங்கின் களம். ஆகவே பொறித்த எண் உருகுநிலையைப் போன்ற இயற்பண்பன்று. "இதுவரை நான் சோதித்திருக்கிறேன்" என்னும் வாக்குறுதி அது. அவ்வெண்ணைத் தாண்டுகிறவர், சோதிக்கும் கடமையைத் தம் தோளுக்கு மாற்றிக்கொள்கிறார்.

இந்தக் கைமாற்றம் தனிக்கணினியின் தொடக்கக் காலத்திலேயே நிகழ்ந்தது. 1981இல் வந்த ஐபிஎம் பிசி 4.77 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. 1984இல் வந்த ஏடி கணினியில் 80286 செயலி 6 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. அதற்குத் துடிப்பை வழங்கியது 12 மெகாஹெர்ட்ஸ் படிகம். பயனர்கள் அதைக் கழற்றி 16 மெகாஹெர்ட்ஸ் படிகத்தைப் பொருத்தி, செயலியை 8 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினர். ஐபிஎம் பின்னர் வெளியிட்ட பயாஸில் வேகத்தைச் சரிபார்க்கும் சோதனை ஒன்றைச் சேர்த்தது. படிகம் மாற்றிய கணினி இயங்க மறுத்தது. 1986இல் அதே நிறுவனம் 8 மெகாஹெர்ட்ஸ் ஏடியைத் தானே விற்றது.

1992இல் வந்த 486டிஎக்ஸ்2, தாய்ப்பலகையின் துடிப்பை உள்ளுக்குள் இருமடங்காக்கிக் கொண்டது. இவ்வாறு பெருக்கி என்னும் உறுப்பு நுழைந்ததும், செயலியின் வேகம் பெருமளவு தாய்ப்பலகையின் அமைப்பைப் பொறுத்ததாயிற்று. இதை மோசடிக்காரர்கள் பயன்படுத்திக்கொண்டனர். குறைந்த வேகச் செயலியின் அச்சை அழித்து, உயர்ந்த எண்ணைப் பொறித்து விற்றனர். பின்னாளில் இன்டெல் பெருக்கியைப் பூட்டியதற்கு இம்மோசடியும் ஒரு காரணம். இயற்பியல் நோக்கில் மோசடிக்காரர் செய்ததும் ஆர்வலர் செய்வதும் ஒரே செயல்தான். வேறுபாடு, வாக்குறுதி மீறப்பட்டதைப் பயன்படுத்துபவர் அறிவாரா என்பதில் மட்டுமே இருக்கிறது. என் மூன்று நாள்கள் வீணானதும் அதனாலேயே.

ஓவர்கிளாக்கிங் பரவலான பொழுதுபோக்கானது 1998 ஆகஸ்டில் வெளிவந்த செலரான் 300ஏ வழியாக. அதன் பெருக்கி 4.5இல் பூட்டப்பட்டிருந்தது, 66 மெகாஹெர்ட்ஸ் துடிப்பில் 300 மெகாஹெர்ட்ஸ் கிடைத்தது. தாய்ப்பலகையின் துடிப்பை 100 ஆக்கியதும் 450 கிடைத்தது. பல மடங்கு விலையுள்ள பென்டியம் II 450க்கு அது ஈடுகொடுத்தது. அதன் வெற்றிக்குக் காரணம் துணிச்சல் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையான காரணங்கள் இரண்டு. இரு செயலிகளும் ஒரே 0.25 மைக்ரான் தொழில்நுட்பத்தில் உருவானவை. மேலும், 440பிஎக்ஸ் தாய்ப்பலகைகளுக்கு 100 மெகாஹெர்ட்ஸ் என்பது நிர்ணயிக்கப்பட்ட வேகமே. செயலியைத் தவிர வேறெந்த உறுப்பும் தன் எல்லையைத் தாண்டவில்லை. ஒரு நேரத்தில் ஒரே எல்லையை மட்டும் தாண்டு என்பதே செலரான் தந்த பாடம்.

2000ஆம் ஆண்டின் அத்லான் செயலிகளில் மேற்பரப்பிலிருந்த நுண்ணிய இணைப்புப் புள்ளிகளைப் பென்சிலால் கோடிட்டு இணைத்துப் பெருக்கியின் பூட்டைத் திறந்தனர். கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும் என்ற பள்ளிப்பாடமே போதுமானதாயிருந்தது.

ஆய்வாளர்கள் அறிய வேண்டிய கிளைக்கதை ஒன்று உண்டு. ஓவர்கிளாக்கர்கள் தம் கணினியின் உறுதியைச் சோதிக்கப் பயன்படுத்தும் பிரைம்95 விளையாட்டு உலகில் பிறந்ததன்று. 1996இல் ஜார்ஜ் வோல்ட்மன் தொடங்கிய மெர்சென் பகா எண் தேடலுக்கான நிரல் அது. ஓர் எண்ணைச் சோதிக்கக் கணினி நாள்கணக்கில், வாரக்கணக்கில் கணக்கிட வேண்டும். நடுவில் ஒரு பிட் தவறினாலும் முழு முடிவும் குப்பை. எனவே விடை தெரிந்த கணக்குகளைக் கொடுத்துக் கணினியையே சோதிக்கும் வசதி அதில் அமைந்தது. "என் கணினி உறைந்து நிற்கவில்லை" என்பது அவர்களுக்குப் போதவில்லை. "என் கணினி சரியாகக் கணக்கிடுகிறது" என்ற உறுதி வேண்டியிருந்தது.

இவ்விரண்டுக்கும் உள்ள தொலைவை மைக்ரோசாஃப்டின் அனுபவம் காட்டுகிறது. 2005இல் ரேமண்ட் சென் எழுதியது: விண்டோஸ் அனுப்பிய செயலிழப்பு அறிக்கைகள் சிலவற்றில், ஒருபோதும் தோற்க இயலாத எளிய கட்டளைகளில் நிரல் தோற்றிருந்தது. விசாரித்தபோது அவற்றில் பல, வேகம் கூட்டப்பட்ட கணினிகள் என்று தெரிந்தது. விற்றவர் கூட்டியதை அறியாமலே வாங்கியவர்களும் அவர்களில் இருந்தனர். 2011இல் அந்நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஏறத்தாழப் பத்து லட்சம் நுகர்வோர் கணினிகளின் பதிவுகளை ஆராய்ந்து, வேகம் கூட்டியவற்றில் வன்பொருள் பிழையால் நேரும் செயலிழப்பு தெளிவாக மிகுதி என்றும், நிர்ணயித்ததைவிடக் குறைந்த வேகத்தில் ஓடுபவற்றில் குறைவு என்றும் காட்டினர்.

இதற்கிடையே உற்பத்தியாளர்களே களத்தில் இறங்கினர். 2008இன் கோர் ஐ7இல் டர்போ பூஸ்ட் வந்தது. 2011இல் பூட்டில்லாப் பெருக்கியுள்ள செயலிகளை இன்டெல் "கே" என்னும் எழுத்தோடு தனி வகையாக விற்றது. 2017இல் ஏஎம்டி பூட்டில்லா ரைசனைக் கொணர்ந்தது. முன்பு பயனருக்கு எஞ்சிய இடைவெளியின் பெரும்பகுதியை இன்று செயலி தானே பயன்படுத்திக்கொள்கிறது. அதன் விளைவுகளையும் கண்டோம். 2023இல் சில தாய்ப்பலகைகள் மிகுந்த மின்னழுத்தம் கொடுத்ததால் ரைசன் 7000 எக்ஸ்3டி செயலிகள் சில கருகின; அதன்பின் குறிப்பிட்ட மின்னழுத்தத்துக்கு 1.3 வோல்ட் என்ற வரம்பு இடப்பட்டது. 2024இல் இன்டெலின் 13, 14ஆம் தலைமுறைச் செயலிகள் சில, எவரும் கைவைக்காமலே, மிகை மின்னழுத்தத்தால் நிலைகுலைந்தன. நிறுவனம் திருத்தம் வெளியிட்டு உத்தரவாதத்தை இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது.

இனித் தொடக்கநிலையாளருக்கு இவ்வரலாறு தரும் நடைமுறை.

1. முதலில் எதையும் மாற்றாமல் அளந்து பாருங்கள். முழுச் சுமையில் வெப்பநிலை, மின்னழுத்தம், வேகம் மூன்றையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். தரவைக் காப்பெடுங்கள். பயாஸ் அமைப்பை அழித்துத் தொடக்க நிலைக்கு மீட்கும் முறையைத் தாய்ப்பலகையின் கையேட்டில் முன்னதாகவே படித்துவையுங்கள். உத்தரவாதத்தின் நிபந்தனையையும் படியுங்கள்.

2. பெருக்கியை ஒரு படி மட்டும், அதாவது ஏறத்தாழ 100 மெகாஹெர்ட்ஸ், கூட்டுங்கள், சோதியுங்கள், எழுதுங்கள். அதே நாளில் நினைவகத்தின் வேகத்தை மாற்றாதீர்கள். எக்ஸ்எம்பி, எக்ஸ்போ என்னும் நினைவக அமைப்புகளும் ஓவர்கிளாக்கிங்கே என்பதைப் பலர் அறியார்.

3. அதிர்வெண் மிகுந்தால் பெரும்பாலும் கணினி நிற்கும், மீண்டும் தொடங்கலாம். மின்னழுத்தம் மிகுந்தால் செயலி நிரந்தரமாகத் தேயும். மின்திறன் அதிர்வெண்ணுக்கு நேர்விகிதத்திலும் மின்னழுத்தத்தின் இருபடிக்கு நேர்விகிதத்திலும் வளர்கிறது. இரண்டையும் 10% கூட்டினால் மின்திறன் சுமார் 33% கூடும். எனவே மின்னழுத்தத்தைக் கடைசியாகத் தொடுங்கள், 0.01 வோல்ட் அளவிலான சிறு படிகளில் மட்டும் கூட்டுங்கள். "தானியங்கி" என்று விட்டால் தாய்ப்பலகை தேவைக்கு மிஞ்சிக் கொடுக்கக்கூடும். வேறு தலைமுறைச் செயலிக்கு எவரோ எழுதிய அளவைப் பின்பற்றாதீர்கள்.

4. காற்றால் குளிர்விக்கும் எந்தக் கருவியும் அறையின் வெப்பத்துக்குக் கீழே இறக்காது. 22 பாகை அறையில் 70 பாகை காட்டிய அமைப்பு, தில்லியின் மே மாதத்தில் 40 பாகை அறையில் 88ஐ நெருங்கும். குளிர்காலத்தில் தேர்ந்த அமைப்பைக் கோடையில் மீண்டும் சோதிக்க வேண்டும்.

5. சில நிமிடச் சோதனை சோதனையாகாது. இரவு முழுவதும் பிரைம்95 போன்றதை ஓட்டுங்கள். ஒரு பிழை காட்டினாலும் அது தோல்வியே. பிழையற்ற கடைசி நிலையிலிருந்து மேலும் ஒரு படி இறங்கி நில்லுங்கள். உற்பத்தியாளர் வைத்திருந்த இடைவெளியில் சிறு பங்கையேனும் நீங்களும் வைத்துக்கொள்ள வேண்டும்.

விளையாட்டில் ஒரு பிட் தவறினால் திரையில் ஒரு புள்ளி நிறம் மாறும். அட்டவணையில் தவறினால் ஆய்வேடு மாறும். எனவே ஆய்வுக் கணக்கு ஓடும் கணினியை நிர்ணயித்த வேகத்திலேயே விடுங்கள். பொதுக் கணினியானால் எந்த அமைப்பை மாற்றினீர்கள் என்று ஒரு தாளில் எழுதி அதன்மேல் ஒட்டிவிட்டுச் செல்லுங்கள். முக்கியமான கணக்கை வேறொரு கணினியிலும் ஒருமுறை ஓட்டுங்கள். பகா எண் தேடியவர்களும் இரண்டாம் கணக்கு ஒத்துவந்த பிறகே முடிவைச் சரிபார்க்கப்பட்டதாகக் கொண்டனர்.

உங்கள் துறைக் கணினியின் பயாஸைக் கடைசியாகத் திறந்து பார்த்தவர் யார் என்று நாளை ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.