மணலில் பிறந்த எண்ணெய்

புத்தளம் மாவட்டத்தில் நாத்தாண்டி, மாரவிலப் பக்கம் மண்ணைக் கிளறினால் சீனி போல வெள்ளை மணல் வரும். சிலிக்கா மணல், கண்ணாடி வார்க்க அள்ளிப் போகிறார்கள். வடக்கே பாலாவியில் உப்பளங்கள். சிலிக்கோன் எண்ணெய்க்குத் தாயும் தகப்பனும் ஒரே மாவட்டத்தில் இருக்க, பிள்ளை மட்டும் வெளிநாட்டில் பிறக்கிறது. ஆனால் சிலிக்கன் உருக்கும் உலைக்கு மணலைவிடக் கட்டிப் படிகக்கல்தான் தோதாம்.

படிகக்கல்லைக் கரியோடு மின்னுலையில் உருக்கினால் சிலிக்கன் கிடைக்கும். உப்புநீரிலிருந்து பிரித்த குளோரின், மெதைல் குளோரைட்டாக மாறி வந்து அதோடு சேரும். அமெரிக்காவில் யூஜின் ரோக்கோ 1940இல் கண்ட வழி இது. பிறகு தண்ணீர் பட்டதும் குளோரின் அமிலமாகக் கழன்றுவிடும், சம்பந்தம் பேசி முடித்த தரகர் மாதிரி. மிஞ்சுவதைக் கோத்துக் கோத்து எண்ணெயாக்குகிறார்கள்.

விழித்திரை விலகிய கண்ணுக்குள் இந்த எண்ணெயைச் செலுத்திய அனுபவத்தைக் கண் மருத்துவர் பால் சிபிஸ் 1962இல் வெளியிட்டார். இன்று மதுரை ஆரோலாப் நிறுவனமும் இதைத் தயாரிக்கிறது.

கண்ணுக்குள் இது பிடிக்கும் இடம் ஏறக்குறைய 4 மில்லிலீட்டர். ஒரு தேக்கரண்டிகூட இல்லை. தண்ணீரைவிட இலேசு என்பதால் மிதக்கும். குப்புறப் படுத்தால் மேலெழுந்து பின்சுவரில் விழித்திரையை அழுத்திப் பிடிக்கும். எண்ணெய்க்குப் பதில் வாயுக்குமிழி வைத்தவர் அது கரையும்வரை விமானம் ஏறக்கூடாது. எண்ணெய்க்கு அந்தத் தடை இல்லை. வளைகுடாவுக்கு ஆள் போகும் ஊரில் இது சின்ன விஷயமல்ல.

கிருமிக் கதை இனித்தான். 1999இல் வெளியான துருக்கி ஆய்வொன்றில், கண்ணைச் சீழ்பிடிக்கவைக்கும் பற்றீரியாக்களையும் பூஞ்சைகளையும் இந்த எண்ணெயில் விட்டுப் பார்த்தார்கள். பெருகவில்லை, நாளாக நாளாகச் செத்தன. தின்ன ஒன்றுமில்லாததும் ஒரு காரணம் என்கிறார்கள். எண்ணெயில் நீரும் இல்லை. கற்பிட்டிக் கருவாடு கெடாத கணக்கும் கிட்டத்தட்ட இதுதான்: நீரில்லாத இடத்தில் கிருமிக்குப் பிழைப்பில்லை.

ஆனால் கண் ஆய்வுகூடப் போத்தல் அல்லவே. எண்ணெய்க்கும் விழித்திரைக்கும் நடுவே மெல்லிய நீர்ப்படை எப்போதும் இருக்கும். எண்ணெய் மிதப்பதால் கீழ்ப்புறம் நீர் இன்னும் தேங்கும். கிருமி அங்கே குடியிருக்கலாம். எண்ணெய் நிரப்பிய கண்ணிலும், அரிதாக, சீழ் பிடித்ததுண்டு. அப்போது வான்கோமைசினை வழமையான அளவில் ஊசியேற்றப் பயப்படுவார்கள்: எண்ணெயில் கரையாமல் அத்தனையும் அந்தக் கொஞ்ச நீரிலேயே சேர்ந்து விழித்திரையைக் கெடுத்துவிடலாம். ஆகவே இதைக் கிருமிநாசினி என்று நான் சொல்லமாட்டேன். சீழை வெட்டியெடுப்பதும் மருந்தும்தான் முதல் வேலை. எண்ணெய் பக்கத் துணை.

சில மாதங்களில் எண்ணெய் துளித்துளியாய் உடையத் தொடங்கலாம். சில துளிகள் கருவிழிக்குப் பின்னால், முன்னறைக்கு வந்து வெள்ளையாய்த் தேங்கும். பார்த்தால் சீழ் போலவே இருக்கும். மருத்துவர் விளக்கொளியில் எது எங்கே நிற்கிறது என்று பார்ப்பார். சீழ் கீழே படியும். எண்ணெய் மேலே ஒட்டி நிற்கும். மேலே என்றால், புத்தளத்திலிருந்து பஸ் ஏறி வந்தவருக்கு எண்ணெயை உறிஞ்சி எடுக்க ஒரு திகதி குறித்துக் கொடுப்பார்கள்.