துண்டிக்கப்பட்ட நிலமும் பூச்சிகளின் மரபும்: ஜொகூர்த் தீவுகளை முன்வைத்து

முன்னுரை

மெர்சிங் கரைக்கு அப்பால் தீங்கித் தீவின் கூம்பு மலை எழுந்து நிற்கிறது. சிபு, ராவா, பெசார் ஆகிய தீவுகள் கரைக்கு அருகில் உள்ளவை; பெமாங்கிலும் ஆவுரும் தென்சீனக் கடலில் வெகுதூரம் தள்ளியிருப்பவை. பயணிகள் இங்கே தேடி வருவது பவளப்பாறைகளை. இந்தத் தீவுக் காடுகளின் வண்டும் வெட்டுக்கிளியும் பட்டாம்பூச்சியும் அங்கே எப்படி வந்து சேர்ந்தன, பெருநிலத்து உறவுகளிலிருந்து எவ்வளவு விலகின என்பவை பயணிகளின் கண்ணில் படாத கேள்விகள். இவற்றுக்கு விடை தேடிய சிந்தனை ஒன்றே முக்கால் நூற்றாண்டாக எப்படி வளர்ந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ஓர் உயிரினத்துக்குத் தீவை உண்டாக்குவது துண்டிப்பு. கடல் அதன் ஒரு வகை மட்டுமே. இதுவே கட்டுரையின் மையக் கருத்து.

வாலஸ் சேகரித்த வண்டுகள்

இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் 1854 ஏப்ரலில் சிங்கப்பூர் வந்திறங்கினார். புக்கித் தீமா அருகே ஏறத்தாழ ஒரு சதுர மைல் காட்டில் இரண்டே மாதங்களில் சுமார் 700 வகை வண்டுகளைச் சேர்த்ததாக அவரே பதிவு செய்திருக்கிறார். அதே ஆண்டில் மலாக்காவிலிருந்து புறப்பட்டு, இன்று ஜொகூர் மாநிலத்தில் உள்ள லேடாங் மலையிலும் ஏறினார். மறு ஆண்டு சரவாக்கில் எழுதிய கட்டுரையில், ஒவ்வோர் இனமும் தனக்கு நெருங்கிய முந்தைய இனம் வாழ்ந்த இடத்தையும் காலத்தையும் ஒட்டியே தோன்றுகிறது என்ற விதியை முன்வைத்தார்.

இப்பகுதியின் கடல் ஆழமற்றது என்பதைக் கடலோடி விண்ட்சர் ஏர்ல் 1845இலேயே சுட்டிக்காட்டியிருந்தார். வாலஸ் அதை உயிரினப் பரவலோடு பொருத்திப் பார்த்தார். மலாயா, சுமத்ரா, சாவகம், போர்னியோ ஆகியவை ஒரு காலத்தில் ஒட்டியிருந்த நிலம் என்ற முடிவுக்கு வந்தார். 1880இல் வெளிவந்த தமது நூலில், பெருங்கடலிலேயே தோன்றிய தீவுகளையும் கண்டத்திலிருந்து பிரிந்த தீவுகளையும் அவர் தனித்தனியே வகைப்படுத்தினார். ஜொகூர்த் தீவுகள் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

மூழ்கிய சமவெளி

டச்சு நிலவியலாளர் மோலன்கிராஃப் 1921இல் இக்கடலடியில் மூழ்கிக் கிடக்கும் ஆற்றுத் தடங்களை விவரித்தார். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல் மட்டம் இன்றைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. தீங்கியும் ஆவுரும் அப்போது சமவெளியில் எழுந்த குன்றுகள். பனி உருகிக் கடல் ஏறியபோது அவை படிப்படியாகத் தனித்துப் போயின. ஜொகூரின் கிழக்குக் கரையிலும் போர்னியோவிலும் இன்று டெரோப்டிக்ஸ் பெயர்னி என்ற ஒரே மின்மினி இனம் வாழ்கிறது. இடையில் இவ்வளவு அகன்ற கடல் இருந்தும் இப்படி அமைந்த பரவல் பழைய நிலத்தொடர்போடு ஒத்துப்போகிறது.

ஹவாயின் கதை வேறு. எரிமலை எழுப்பிய அத்தீவுகளுக்கு எங்கிருந்தோ வந்து சேர்ந்த ஓரிரு மூதாதைகளிலிருந்து பல நூறு டிரோசோஃபிலா ஈ இனங்கள் கிளைத்தன. அவற்றின் குரோமோசோம் பட்டைகளை ஒப்பிட்ட மரபியலாளர் ஹாம்ப்டன் கார்சன், எந்தத் தீவிலிருந்து எந்தத் தீவுக்கு ஈக்கள் பரவின என்பதை வரைந்து காட்டினார். ஹவாயில் வெற்று நிலத்தில் வந்தேறிகள் பெருகின. ஜொகூர்த் தீவுகளிலோ முழுமையாக இருந்த காட்டின் ஒரு துண்டு எஞ்சியது. எனவே ஹவாயில் புதிதாக எவை தோன்றின என்று கேட்டால், இங்கே எவை தப்பின, அவை எவ்வளவு இழந்தன என்று கேட்க வேண்டும்.

எண்ணிக்கை சிறுத்தால்

இழப்புக்குக் கணக்கு உண்டு. இனப்பெருக்கத்தில் பங்கேற்கும் உயிர்களின் எண்ணிக்கை N என்றால், ஒவ்வொரு தலைமுறையிலும் மரபுப் பன்மையில் 2Nஇல் ஒரு பங்கு தற்செயலாகவே குறையும். 50 வண்டுகள் மட்டும் எஞ்சிய கூட்டம் தலைமுறைக்கு ஒரு விழுக்காட்டை இழக்கும்; 5,000 இருந்தால் அந்த இழப்பு நூறில் ஒரு பங்காகச் சுருங்கும். ஆண்டுக்கு ஒரு தலைமுறை என்று கொண்டாலும், 10,000 ஆண்டு துண்டிப்பு ஒரு பூச்சிக்கு 10,000 தலைமுறை. சின்னத் தீவில் சிக்கிய இனம் வேறுபட்டுத் தனி இனமாகலாம். பன்மை வற்றி நோய்க்கும் வறட்சிக்கும் ஈடுகொடுக்க முடியாமல் அழியவும் செய்யலாம்.

சூழலியலாளர் மக்கார்தரும் எறும்பியலாளர் வில்சனும் 1967இல் வெளியிட்ட தீவுக் கோட்பாடு இந்தச் சிந்தனையை இன்னும் விரித்தது. குடியேற்றமும் அழிவும் சமனாகும் இடத்தில் இனங்களின் எண்ணிக்கை நிலைபெறும் என்றார்கள் அவர்கள். நிலத்திலிருந்து பிரிந்த தீவு, தன் பரப்பால் தாங்க முடிந்ததைவிடக் கூடுதலான இனங்களோடு தொடங்கி, அந்தக் கூடுதலை மெல்ல இழக்கிறது.

நீரிணைக்கு அப்பால்

இந்த இழப்பு மனித வேகத்தில் நடந்தால் என்ன ஆகும் என்பதைச் சிங்கப்பூர் காட்டியது. 183 ஆண்டுகளில் அங்கு 95 விழுக்காட்டுக்கும் மேலான இயற்கை வாழிடம் அழிந்ததையும், நாட்டின் பரப்பில் 0.25 விழுக்காடே உள்ள காப்புக்காடுகள் எஞ்சிய உயிர்ப்பன்மையில் பாதிக்கு மேல் தாங்கி நிற்பதையும் 2003இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு எடுத்துரைத்தது. பட்டாம்பூச்சி இனங்களில் ஏறத்தாழப் பாதி 160 ஆண்டுகளில் அங்கிருந்து மறைந்ததை 2020ஆம் ஆண்டு ஆய்வு கணக்கிட்டது. ஆயினும் நீ சூன் சதுப்புக் காட்டிலிருந்து லூசியோலா சிங்கப்பூரா என்ற புதிய மின்மினி 2021இல் விவரிக்கப்பட்டது. துண்டுக் காடும் தன் உயிர்களை மறைத்து வைத்திருக்கிறது. அவற்றை அறியுமுன் இழக்கவும் கூடும்.

செம்பனைக்கு நடுவே

ஜொகூர்ப் பெருநிலத்தில் முதலில் இரப்பரும் பின்னர் செம்பனையும் காட்டைத் துண்டாக்கின. 1985-86இல் மலாயா இயற்கைக் கழகத்தின் ஆய்வுப் பயணம் பதிவு செய்த எண்டாவ்-ரொம்பின் காடு, ஒரு வன வண்டின் கண்ணில் தீவுதான். கோத்தா திங்கியின் ஆற்றோரங்களில் பெரெம்பாங் மரங்களில் கூடும் மின்மினிகளுக்கு ஒவ்வொரு முகத்துவாரமும் ஒரு தீவு. அவற்றின் புழுக்கள் கரை ஈரத்தில் நத்தைகளைத் தின்று வளர்பவை. மரம் நின்றாலும் கரை அழிந்தால் அந்தக் கூட்டம் தொடராது.

இதே மண் வேறொரு பூச்சிக்கு வழிவிட்டது. செம்பனைப் பூக்களுக்குத் தோட்டத் தொழிலாளர்கள் கையால் மகரந்தம் தூவிய காலம் ஒன்று இருந்தது. கேமரூனிலிருந்து கொண்டுவரப்பட்ட கூன்வண்டு 1981இல் குளுவாங் வட்டாரத்தில் விடப்பட்டதும் அந்த வேலை அதன் கைக்கு மாறியது. சிறு கூட்டமாக வந்த வண்டுக்குப் பரந்த வாழிடம் கிடைத்தது. இம்மண்ணின் பூச்சிகளோ பரந்த வாழிடத்தை இழந்து சிறு கூட்டங்களாயின.

முடிவுரை

அழிந்ததாகக் கருதப்பட்ட ஆஸ்திரேலியாவின் லார்ட் ஹவ் தீவுக் குச்சிப்பூச்சி 2001இல் அருகிலுள்ள பாறைத் தீவொன்றில் கிடைத்தது. உருவத்தில் வேறுபாடு தெரிந்ததால், அது பழைய இனம்தானா என்ற ஐயம் இருந்தது. அருங்காட்சியகத்தில் காய்ந்திருந்த பழைய மாதிரிகளின் டிஎன்ஏ 2017இல் அந்த ஐயத்தைத் தீர்த்தது. பழைய மாதிரி இல்லையென்றால் ஒப்பிட எதுவும் இருந்திருக்காது. ஜொகூர்த் தீவுகளுக்கும் முதல் தேவை இதுவே: தீவுவாரியாகச் சேகரிப்பு, மரபணு ஒப்பீடு. தனித்துவம் உறுதியாகும்வரை ஒரு தீவின் பூச்சியை இன்னொரு தீவில் கலக்கக் கூடாது.

இப்பூச்சிகளைக் காப்பதில் சட்டத்திலும் ஓர் இடைவெளி உண்டு. 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தின்கீழ் கடல் பூங்காவாக அறிவிக்கப்படுவது, தாழ்நீர்க் கோட்டிலிருந்து இரண்டு கடல் மைல் வரையிலான நீர். நிலமோ மாநிலத்தின் அதிகாரத்தில் உள்ளது. ஆகவே ஒரு தீவைச் சுற்றிய மீனுக்குக் கிடைக்கும் காவல், அத்தீவின் இலையடியில் இருக்கும் வண்டுக்குத் தானாகக் கிடைப்பதில்லை. பத்தாயிரம் ஆண்டுகளாகத் தனித்து வாழ்ந்த அந்த வண்டு இருப்பது, கோட்டின் இந்தப் பக்கத்தில்.